பட்டம் வாங்கிய பிறகும் தண்ணீரில் இருங்கள்



குமரி மாவட்டக் கல்லூரிகளின் நீச்சல் அணிகளில் நீந்தி, இந்த ஆண்டு பட்டம் வாங்கி வெளியே போகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் என்று நீங்கள் எந்தப் பக்கத்துப் பிள்ளைகளானாலும் சரி.

என் பெயர் உங்களில் பலருக்குத் தெரியாது. கல்லூரிகளுக்கிடையே போட்டி நடக்கும்போது ஒவ்வொரு லேனின் முனையிலும் ஸ்டாப்வாட்ச்சோடு குனிந்து நிற்போமே, அந்த நேரக்காப்பாளர்களில் ஒருவன் நான். சுவரைத் தொட்டதும் நீங்கள் முதலில் தேடுவது எங்கள் முகத்தை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூச்சிரைக்க, "எவ்வளவு சார்?" என்பீர்கள். நேரத்தைச் சொல்வோம். லேன் கயிற்றுக்கு அடியில் முங்கி அந்தப் பக்கம் போய்விடுவீர்கள். அடுத்த ஹீட்டுக்கு விசில் அடித்துவிடும். அதற்கு மேல் உங்களோடு பேச வாய்த்ததில்லை.

உங்களுக்கு மூத்தவர்களை வருடா வருடம் பார்த்து வருகிறேன். மூன்றாம் ஆண்டின் கடைசி ரிலே முடிந்ததும் தொப்பியும் கண்ணாடியும் பரணுக்குப் போய்விடும். சான்றிதழ்கள் பிளாஸ்டிக் கோப்புக்குள் போகும். பிறகு ஒருவர் டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையத்தில் இருப்பார், ஒருவர் பெங்களூரில், ஒருவர் வளைகுடாவில். வீட்டில் கடன் இருக்கும், தங்கையின் படிப்பு இருக்கும். வேலைக்குப் போவது சரியான காரியம், போகத்தான் வேண்டும். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் தண்ணீரை விட்டுவிட வேண்டும் என்று நம் ஊரில் எல்லோரும் பேசாமலே ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சஜன் பிரகாஷை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது கேரளத்தின் இடுக்கியில் என்றாலும் வளர்ந்தது நம் நெய்வேலியில். அவருடைய அம்மா சாந்திமோள் ஓட்டப்பந்தய வீராங்கனை. விளையாட்டு வாங்கித் தந்த வேலையில் என்எல்சியில் இருந்துகொண்டு மகனை வளர்த்தவர். நகரியத்தின் குளத்தில்தான் சஜன் நீச்சல் படித்தார். 2015-ல் கேரளத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் அவர் வாங்கியது 6 தங்கம், 3 வெள்ளி. அந்த நீச்சல் போட்டிகள் நடந்த பிரப்பன்கோடு நமக்குத் தூரமே இல்லை. காலையில் வடசேரியில் பஸ் ஏறினால் திருவனந்தபுரம் தாண்டி மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அப்போது அவருக்கு 21 வயது, உங்கள் வயது.

அந்தத் தங்கங்களோடு அவர் நிறுத்தியிருந்தால் கேரளத்தின் விளையாட்டு ஏடுகளில் ஒரு வரியாக இருந்திருப்பார். நிறுத்தவில்லை. 2016-ல் ரியோ ஒலிம்பிக்குக்குப் போனார். கேரளக் காவல்துறையில் ஆய்வாளர் வேலை கிடைத்தது. பிறகு கழுத்தில் வட்டு விலகி, தோளும் கையும் ஒத்துழைக்காமல் போயின. கொரோனா வந்து குளங்கள் மூடிக்கிடந்தன. பயிற்சிக்கு துபாய்க்குப் போனார். 2021 ஜூன் மாதம் பெல்கிரேடில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.96 நொடியில் நீந்தினார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி நேரம் 1:56.48. போதவில்லை. ஒரு வாரம் கழித்து, ஜூன் 26 அன்று, ரோம் நகரத்துக் குளத்தில் இறங்கினார்.

200 மீட்டர் பட்டர்ஃப்ளை உடம்பை என்ன செய்யும் என்று உங்களில் பட்டர்ஃப்ளை நீந்துகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐம்பது மீட்டர் குளத்தில் நான்கு நீளம். முதல் இரண்டு நீளத்தில் உடம்பு தானாகவே அலை மாதிரி போகும். மூன்றாவதில் தொடை கனக்கும். நான்காவதில் கை நீரைவிட்டு வெளியே வர மறுக்கும், இடுப்பு தாழும். ஒவ்வொரு கைவீச்சுக்கும் இரண்டு உதை வேண்டும், அந்த இரண்டாவது உதைதான் முதலில் காணாமல் போகும். மேலே நிற்கும் எங்களுக்கு அது நன்றாகவே தெரியும். தலை எழும்பும், ஆள் நகர மாட்டார். சஜன் அந்தக் கடைசி ஐம்பது மீட்டரைத் தாண்டி வந்து சுவரைத் தொட்டபோது 1:56.38. பத்தில் ஒரு நொடி மிச்சம். கையால் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கும் நாங்கள் ஒரு லேனுக்கு மூன்று பேர் நிற்கிறோம், மூன்றும் மூன்று நேரம் காட்டினால் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்கிறோம். மனிதக் கைக்குப் பத்தில் ஒரு நொடி பிடிபடாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. அவ்வளவு சின்ன இடைவெளியில், ஒலிம்பிக்கின் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல்காரர் ஆனார் அவர். மறுநாளே அதே இடத்தில் பெங்களூரின் ஸ்ரீஹரி நடராஜும் எட்டினார்.

ரோமில் சஜனுக்கு வயது 27. கல்லூரி வயது தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது. கையில் அரசு வேலை இருந்தது. அவருடைய வாழ்நாளின் சிறந்த நீச்சல் வேலை கிடைத்த பிறகுதான் வந்தது.

எல்லோருக்கும் ஒலிம்பிக் வாய்க்காது, அதை உங்களிடம் கேட்கவும் இல்லை. வேலை விஷயத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. ரயில்வேயும் காவல்துறையும் ராணுவமும் விளையாட்டுப் பிரிவில் ஆள் எடுக்கின்றன. எந்தப் போட்டியில், எந்த நிலையில் வாங்கிய சான்றிதழ் என்பதைப் பொறுத்தே எல்லாம். ஆகவே பல்கலைக்கழக அணிக்காக நீந்தியவர்கள் அதற்குரிய படிவத்தைக் கல்லூரியை விட்டு வெளியேறும் முன்பே கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் அலைய விடுவார்கள். பயிற்சியாளராகும் எண்ணம் இருந்தால் பட்டியாலாவில் 1961-லிருந்து நடக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பு இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் காரியவட்டத்தில், லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது.

படித்து முடித்த பிறகு நீச்சலில் பேர் வாங்கியவர்கள் நம் கடலிலேயே உண்டு. மிஹிர் சென் வழக்கறிஞர். ஒடிசாவில் சட்டம் படித்துவிட்டு பாரிஸ்டர் ஆக லண்டன் போனவர், நீச்சலை முறையாகப் பழகியதே அங்கேதான். 1958-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியர் ஆனார். 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடம் நீந்தினார். அதே ஆண்டில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா. பாக் நீரிணையை அவருக்கும் முன்னால், 1954-லேயே, நீந்திக் கடந்தவர் யாழ்ப்பாணத்து நவரத்தினசாமி. வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தனும் வழக்கறிஞர்தான். 1971-ல் அந்தக் கடலைப் போகவும் வரவுமாக 51 மணி நேரத்தில் நீந்தினார். 1984-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் அவர் உயிர் போனது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

மறுபக்கமும் இருக்கிறது. குற்றாலீஸ்வரன் பெயரை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1994-ல், பதின்மூன்று வயதுச் சிறுவன், ஒரே ஆண்டில் ஆறு கடல்வழிகளை நீந்தி மிஹிர் சென்னின் சாதனையைத் தாண்டினான். பள்ளிக்கூடங்களில் பொது அறிவுக் கேள்வியாகக் கேட்டார்கள். அர்ஜுனா விருது கிடைத்தது. ஆனால் செலவுக்குக் கைகொடுக்க ஆள் இல்லாமல் 1998-ல், இன்னும் கல்லூரி வயதே ஆகாத நிலையில், போட்டி நீச்சல் நின்றது. அவர் பொறியியல் படித்து அமெரிக்காவுக்குப் போனார். நன்றாகவே வாழ்ந்தார். நாம்தான் அவரை இழந்தோம். பதக்கம் வாங்கும் நாளில் மேடை போடுகிற நமக்கு, அந்தப் பிள்ளை மறுநாள் எப்படி நீந்தப் போகிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

இவர்கள் எல்லோரையும்விட உங்களிடம் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது நிஷா மில்லெட்டைப் பற்றி. ஐந்து வயதில் தண்ணீரில் மூழ்கிப் பிழைத்தவர் அவர். அந்தப் பயத்தைப் போக்கத்தான் 1991-ல் சென்னை ஷெனாய் நகரில் அவருடைய அப்பா அவரைக் குளத்தில் இறக்கினார். இந்தியப் பெண்களில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை ஒரு நிமிடத்துக்குள் முதலில் முடித்தவர் ஆனார். 1999 தேசிய விளையாட்டுப் போட்டியில் 14 தங்கம். 2000-ல் சிட்னி ஒலிம்பிக். 2002-ல் முதுகில் அறுவை சிகிச்சை, ஏதென்ஸ் வாய்ப்பு மயிரிழையில் கைநழுவியது, பணமும் தடையாயிற்று. போட்டியிலிருந்து விலகி அவர் என்ன செய்தார்? பெங்களூரில் நீச்சல் பள்ளி தொடங்கினார். தண்ணீரைக் கண்டு நடுங்கிய ஒரு பிள்ளை, தண்ணீருக்குப் பயப்படும் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆசிரியை ஆனது. பதினான்கு தங்கத்தையும்விட நான் இதைப் பெரிதாக நினைக்கிறேன். நம் மாவட்டத்துக்கு இன்று வேண்டியதும் இதுதான்.

நம் ஊரைப் பாருங்கள். 1906-ல் கட்டிய பேச்சிப்பாறை அணை, பெருஞ்சாணி, சிற்றாறுகள், பழையாறு, குழித்துறையாறு, அனந்தனார் சானல், தோவாளை சானல், ஊருக்கு ஊர் குளம், ஒரு பக்கம் முழுக்கக் கடல். இவ்வளவு தண்ணீருக்கு நடுவில், நீந்தத் தெரியாத ஒரு தலைமுறை வளர்கிறது. முன்பு சானலில் தண்ணீர் திறந்துவிட்டால் பிள்ளைகள் பாலத்திலிருந்து சாடும். அண்ணன் தம்பிக்குக் கற்றுக்கொடுப்பான், மாமன் மருமகனைத் தோளில் வைத்துக்கொண்டு நடுக்குளம் போவார். வீட்டுக் குளியலறை வந்ததும் அந்தப் பள்ளிக்கூடம் மூடிவிட்டது. குளத்தில் பாசியும் தாமரையும். பிள்ளைகள் பதினெட்டு வயதில், நண்பர்களோடு, பைக்கில் போய், முதல்முறையாகத் தண்ணீரில் கால் வைக்கிறார்கள். திற்பரப்பிலோ, அணையிலோ, கடற்கரையிலோ.

2024 மே 6 உங்களுக்கு நினைவிருக்கும். கணபதிபுரம் லெமூர் கடற்கரை. நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாகர்கோவில் வந்த மருத்துவ மாணவர்களில் ஐந்து பேரைக் கடல் இழுத்துக்கொண்டு போனது. உங்கள் வயதை ஒட்டியவர்கள், படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தவர்கள். கள்ளக்கடல் வரும் என்று ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் முன்பே எச்சரித்திருந்தது. கள்ளக்கடல் எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடியோரத்தில் அடிக்கும் புயலில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு வருவது. நம் கரையில் காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். அதனால்தான் வெளியூர்ப் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2021-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் 29 வயதுக்கு உட்பட்டவர்கள்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளத்து நீச்சல் வேறு, கடல் வேறு. நூறு மீட்டரை ஒரு நிமிடத்தில் நீந்தும் பிள்ளையையும் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டம் கொண்டுபோய்விடும். அதை எதிர்த்து நீந்தினால் களைத்துத்தான் போவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த ஓட்டத்தை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். முங்குகிறவரைக் காப்பாற்ற வெறுங்கையோடு சாடக் கூடாது. கயிறு, ட்யூப், காலிக் கேன், எது கிடைத்தாலும் முதலில் அதை எறிய வேண்டும். இவையெல்லாம் உங்கள் பயிற்சியில் வந்ததில்லை என்றால், இனி நீங்களே தேடிப் போய்ப் படியுங்கள். கடப்புறத்துப் பிள்ளைகளிடமும் கேளுங்கள். நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் போகிறது என்று அலையைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். 2017 ஒக்கிப் புயலில் வள்ளம் கவிழ்ந்து நாள்கணக்கில் கடலில் மிதந்து உயிரோடு வந்தவர்கள் அவர்கள் ஊர்களில் இருக்கிறார்கள். குளச்சலில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "கடலு கெடக்க கெடப்பப் பாத்துட்டு பொறவு கால வையி மக்களே." உங்கள் அணியில் கடப்புறத்துப் பிள்ளைகளும் விளவங்கோட்டுப் பிள்ளைகளும் தோவாளைப் பிள்ளைகளும் ஒன்றாகத்தானே நீந்தினீர்கள். அந்தப் பழக்கம் கல்லூரி வாசலோடு முடிய வேண்டாம்.

பங்களாதேஷில் ஒரு வேலை நடந்தது. கிராமத்துக் குளங்களில் மூங்கிலால் மேடை கட்டி, நான்கு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை அதே ஊர் இளைஞர்களை வைத்துப் பழக்கினார்கள். மூன்றே மூன்று காரியம்: 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 நொடி மிதக்க வேண்டும், கரையில் நின்றபடியே இன்னொருவரைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். அப்படிப் பழகிய பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. ஒலிம்பிக் குளமோ டைல்ஸோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை. குளம் இருந்தது, நீந்தத் தெரிந்த ஆள் இருந்தார். நம்மிடம் குளம் இருக்கிறது. ஆள் நீங்கள்தான்.

வேலை கிடைத்து வெளியூர் போகிறவர்கள் மே மாதம் ஊருக்கு வருவீர்கள், கோவில் கொடைக்கும் குருசடித் திருவிழாவுக்கும் வருவீர்கள். அந்த விடுமுறையில் பத்து நாள் காலை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா? நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்துக் குளம் இருக்கிறது. அது எட்டாத ஊர்களில் நல்ல தண்ணீர் உள்ள ஒரு குளத்தைத் தேர்ந்தெடுங்கள். ஊராட்சியிடமோ கோவில் நிர்வாகத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். படித்துறைப் பக்கம் இடுப்பளவு ஆழத்துக்கு மேல் போகாதபடி கயிறு கட்டுங்கள். ஒருவர் தண்ணீருக்குள் பழக்கும்போது இன்னொருவர் கரையில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும், அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது. ஃப்ரீஸ்டைலில் தொடங்காதீர்கள். முதலில் மல்லாக்க மிதக்கப் பழக்குங்கள். பின்தலையை உள்ளங்கையால் தாங்கி, காது தண்ணீருக்குள் போகும்வரை பிள்ளையின் தலையைத் தாழ்த்துங்கள். அந்த நேரத்தில் கழுத்து விறைக்கும், கால் உதறும், உங்கள் கையை இறுகப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட வேண்டாம். மெல்லப் பேசிக்கொண்டே இருங்கள். வயிறு மேலே வந்து, மூச்சு சீரானதும் ஒவ்வொரு விரலாக எடுங்கள்.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் ஊரில் பெண்கள் குளிக்கும் துறை இருந்தது, நீந்திய பாட்டிமாரும் இருந்தார்கள். இன்று பத்து வயது தாண்டிய மகளைக் குளத்துக்கு அனுப்ப அம்மைமாருக்குத் தயக்கம். உடை, பார்க்கிறவர்கள், கற்றுக்கொடுப்பவர் ஆண் என்பது, எல்லாமே காரணம். அந்தத் தயக்கத்தைத் திட்டி மாற்ற முடியாது. ஒரு பெண் தண்ணீருக்குள் நின்று "வா மக்களே" என்றால் மாறும். ஆரதி சாஹா 1959 ஆகஸ்ட்டில் ஆங்கிலக் கால்வாயில் இறங்கி, கரை சேர முடியாமல் திரும்பினார். ஒரே மாதத்தில் மறுபடி இறங்கி, செப்டம்பர் 29 அன்று 16 மணி 20 நிமிடத்தில் கடந்தார். ஆசியப் பெண்களில் முதலாவது அவர்தான். அப்போது அவருக்கு 19 வயது. பின்னாளில் ரயில்வேயில் வேலை பார்த்தார். கல்கத்தாவில் பெண்பிள்ளைகள் நீந்தும் சங்கங்கள் அன்றே இருந்ததால்தான் அப்படி ஒருவர் எழுந்து வர முடிந்தது. உங்கள் அணியில் இருக்கும் நான்கைந்து மாணவிகளும் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை, பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒரு வகுப்பைத் தொடங்கினால், இந்த மாவட்டத்தில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தவர்கள் ஆவீர்கள். அம்மைமார் கரையில் உட்கார்ந்து பார்க்கட்டும். அவர்களில் யாராவது இறங்க ஆசைப்பட்டால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதில் மிதக்கக் கற்றுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தேர்வு முடிந்து ஆளுக்கொரு திசையில் போவதற்குள் ஒரு சாயங்காலம் அணியாக உட்கார்ந்து மூன்று விஷயங்களை முடிவு செய்துவிடுங்கள்: எந்த ஊர்க் குளம், எந்த வாரம், யாரெல்லாம். அனுமதிக் கடிதம் எழுத, மிதவை வாங்கப் பணம் திரட்ட, பெற்றோரிடம் வந்து பேச ஆள் தேவைப்பட்டால் உங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் சொல்லி அனுப்புங்கள். நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணாச்சி,
நாகர்கோவில்